லாகர் பீர் முதிர்வதும் பாட்டிலுக்குப் போவதும்: முதல்முறை செய்வோருக்கு

1553இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோடையில் பீர் காய்ச்சுவதற்குத் தடை விதித்தார். செப்டம்பர் 29, புனித மைக்கேல் திருநாளிலிருந்து ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள் வரைதான் காய்ச்சலாம். வெயில் காலத்தில் காய்ச்சிய பீர் சீக்கிரம் கெட்டுப்போனதுதான் காரணம். ஆகவே மார்ச்சில் காய்ச்சிய பீர் இலையுதிர்காலம் வரை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. அதை நிலவறைகளில் வைத்தார்கள். இப்படிக் குளிரில் மெல்ல நொதித்து முதிரும் பீர்தான் லாகர். குளங்களிலும் ஏரிகளிலும் உறைந்த பனிக்கட்டியை வெட்டி உள்ளே அடுக்கினார்கள். நிலவறைக்கு மேல் நிழலுக்காகக் குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மூனிச்சின் பீர்த் தோட்டங்கள் அந்த நிழலில் பிறந்தவை.

அந்தக் குளிரில் சாகாமல் மெல்ல வேலை செய்யும் ஈஸ்ட் அங்கே நிலைபெற்றது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்தியான் ஹான்சன் அதைத் தனித்துப் பிரித்து வளர்த்தார். இன்று அதன் பெயர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். ரொட்டிக்கும், வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகை பீருக்கும் பயன்படும் ஈஸ்டும், குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டும் கலந்து பிறந்த இனம் அது. அந்தக் காட்டு ஈஸ்டைப் படகோனியக் காடுகளில் கண்டறிந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தது 2011இல்தான்.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு வீட்டில் லாகர் செய்ய இறங்குபவர்களில் பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். லாகரை லாகராக்குவது குளிர்தான், குறையுள்ள பீரையும் குளிர்ப்பெட்டியில் இரண்டு மாதம் வைத்தால் அது தானே சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். சரியாகாது. பழைய நிலவறையில் நடந்தது வேறு. நொதித்தல் முழுதாக முடியும் முன்பே, கொஞ்சம் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே, பீர் மரப்பீப்பாய்க்குள் போனது. உயிரோடிருந்த ஈஸ்ட் மாதக்கணக்கில் அந்தச் சர்க்கரையை மெல்லத் தின்றுகொண்டே பீரின் குறைகளையும் தீர்த்தது. நாம் செய்வதோ நொதித்தல் முடிந்த பீரை 1 டிகிரிக்கு இறக்குவது. அங்கே ஈஸ்ட் உறங்கிவிடும். திருத்துவது ஈஸ்ட், தெளியவைப்பது குளிர். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் செய்வது குற்றம். பிரிட்டனில் 1963இலிருந்து உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு வழிவிட்டது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள், விற்பனைக்கு இல்லாமல், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை செய்யலாம். நீங்கள் வாழும் இடத்தில் அனுமதி உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

முதல் வேலை குளிர்விப்பது அல்ல

நம் எடுத்துக்காட்டு 20 லிட்டர் வெளிர்நிற லாகர். மூனிச்சின் ஹெல்லஸ் வகை என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் இடும் முன் ஹைட்ரோமீட்டரில், அதாவது அடர்த்தி அளக்கும் மிதவையில், அடர்த்தி 1.048. நீருக்கு அது 1.000; சர்க்கரை தீரத் தீர அளவு இறங்கும். நொதிக்கும் வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அடர்த்தி 1.010 அளவுக்கு இறங்கி நிற்கும். ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம் இருக்கும்.

நொதிக்கும்போது ஈஸ்ட் தன் உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்களைக் கட்டிக்கொள்கிறது. அந்த வேலையின் நடுவே ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருள் செல்லுக்கு வெளியே கசிகிறது. அதற்கு மணமில்லை. ஆனால் அது மெல்ல மெல்ல, ஈஸ்டின் துணையே இல்லாமல், டைஅசிட்டைலாக மாறும். டைஅசிட்டைலுக்கு வெண்ணெய் மணம். தியேட்டர் பாப்கார்னில் வீசுவது அதுதான். வெளிர்நிற லாகரில் ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பழகிய நாக்கு கண்டுபிடித்துவிடும். நாக்கில் வழவழப்பாகவும் படும்.

இதற்கு மருந்தும் ஈஸ்ட்தான். டைஅசிட்டைலை அது மீண்டும் உள்ளிழுத்து, மணம் தெரியாத வேறு பொருளாக மாற்றிவிடும். ஆனால் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலில் மணமில்லாத பொருள் டைஅசிட்டைலாக மாற வேண்டும். அதற்கு வெப்பம் வேண்டும். பிறகு ஈஸ்ட் அதை உண்ண வேண்டும். அதற்கு ஈஸ்ட் விழித்திருக்க வேண்டும். அவசரப்பட்டு 1 டிகிரிக்கு இறக்கினால் இரண்டுமே நின்றுவிடும். அன்று சுவைத்தால் ஒன்றும் தெரியாது. பாட்டிலில் அடைத்து அறை வெப்பத்தில் வைத்த பின் வெண்ணெய் மணம் எழும். அதைத் தின்றுதீர்க்க அப்போது போதிய ஈஸ்ட் இருக்காது.

ஆகவே நொதித்தல் முக்கால் பங்கு முடிந்ததும் வெப்பத்தை ஏற்ற வேண்டும். நம் பீரில் அடர்த்தி 1.020க்கு அருகே வந்ததும் 11 டிகிரியிலிருந்து 17 அல்லது 18 டிகிரிக்கு விடுங்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து கலனை வெளியே எடுத்து வைத்தாலே பல வீடுகளில் போதும். மணப்பொருள்களில் பெரும்பகுதி நொதித்தலின் முதல் பாதியிலேயே உருவாகிவிடுவதால், இந்தக் கட்டத்தில் வெப்பம் கூடினாலும் லாகரின் தூய்மை கெடாது. அடர்த்தி இறங்கி நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் அதே வெப்பத்தில் விடுங்கள்.

முடிந்ததா என்பதைக் காலண்டரைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே விட்டுக் காற்றைத் தடுக்கும் நீரடைப்பில், குமிழ் நின்றுவிட்டது என்பதும் சான்றாகாது. மூடியின் ஓரத்தில் வாயு கசிந்தாலும் குமிழ் நின்றுவிடும். நம்பத்தக்க சோதனைகள் இரண்டு. முதலாவது, இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் அளவு மாறாமல் இருப்பது. இரண்டாவது, இரண்டு குவளைச் சோதனை. கொஞ்சம் பீரை மூடிய குவளையில் எடுத்து, 60 முதல் 70 டிகிரி சூடான நீரில் இருபது நிமிடம் வைத்துவிட்டு ஆறவிடுங்கள். சூடாக்காத மற்றொரு குவளையோடு சேர்த்து முகர்ந்து பாருங்கள். ஒளிந்திருக்கும் டைஅசிட்டைலைச் சூடு வெளிக்கொண்டுவரும். சூடுபட்ட குவளையில் மட்டும் வெண்ணெய் வீசினால் பீர் இன்னும் தயாராகவில்லை. இரண்டிலும் இல்லையென்றால் துணிந்து குளிர்விக்கலாம். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. இதைச் செய்யாமல் லாகரைக் குளிர்விப்பவர்களை எனக்குப் புரியவில்லை.

பச்சை ஆப்பிள் மணம் வந்தால் அது அசிட்டால்டிஹைடு. அதுவும் இதே வெப்பத்தில், இதே ஈஸ்டால் தீரும். அழுகிய முட்டை மணம் கந்தகச் சேர்மத்தால் வருவது. லாகர் ஈஸ்டுக்கு அது இயல்பு, பெரும்பாலும் வாயுவோடு வெளியேறிவிடும். அதற்காக யாரும் பீரைக் கீழே ஊற்ற வேண்டியதில்லை.

குளிரில் நடப்பது

இப்போது இறக்கலாம். நாளுக்கு இரண்டு டிகிரி வீதம் மெதுவாக இறக்குவது மரபு. வெந்தய மணிபோல் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நொதித்தலும் திருத்தமும் உண்மையிலேயே முடிந்திருந்தால் ஒரே நாளில் இறக்கினாலும் பெரிய கேடு வராது. இலக்கு 0 முதல் 2 டிகிரி வரை. 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரியில்தான் உறையும் என்பதால் 0 டிகிரிக்கு அஞ்ச வேண்டாம்.

இந்தக் குளிரில் ஈஸ்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. தானியத்தின் புரதமும், உமியிலிருந்தும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களிலிருந்தும் வந்த துவர்ப்புப் பொருள்களும் இணைந்து, குளிரில் மட்டும் தெரியும் மெல்லிய மங்கலாக மாறுகின்றன. நாள் செல்லச் செல்ல அவையும் படிகின்றன. நாக்கில் முள்ளாகக் குத்திய கசப்பு மட்டுப்படுகிறது. நம் 1.048 பீருக்கு நான்கு வாரம் நல்ல அளவு. ஆறு வாரம் இன்னும் நல்லது. 1.075ஐத் தாண்டும் டோப்பல்பாக் போன்ற கனத்த லாகருக்கு மூன்று மாதமும் தகும்.

குளிர்விக்கும்போது ஓர் ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. கலனின் மேல்வெளியில் இருக்கும் வாயு குளிரில் சுருங்கும். கொஞ்சம் பீருக்குள்ளும் கரையும். உள்ளே அழுத்தம் குறைந்து, ஏர்லாக் வழியாக நீரும் காற்றும் உள்ளே இழுக்கப்படும். நொதித்தல் முடிந்த பீருக்கு ஆக்சிஜனைவிடப் பெரிய பகை இல்லை. நனைந்த அட்டைப்பெட்டிச் சுவை அதிலிருந்துதான் வருகிறது. மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) மென்மையையே நம்பி நிற்கும் ஹெல்லஸில் அதை மறைக்க எதுவும் இல்லை. நொதித்தல் நடக்கும்போதே வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை இரண்டு லிட்டர் பை ஒன்றில் பிடித்துவைத்து, குளிர்விக்கும்போது கலனோடு இணைத்துவிட்டால், காற்றுக்குப் பதில் அந்த வாயுவே உள்ளே போகும்.

முதிரவைப்பதற்காக வேறு கலனுக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். பழைய கையேடுகள் மாற்றச் சொல்லும். இறந்த ஈஸ்ட் சிதைந்து பீரில் சுவை இறக்கிவிடும் என்ற அச்சம் அது. ஆறு வாரக் குளிரில், 20 லிட்டர் அளவில், அந்தக் கேட்டைவிட மாற்றும்போது கலக்கும் காற்றின் கேடே பெரிது. இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் மாற்றுங்கள்.

சர்க்கரைக் கணக்கு

பீரில் வாயு எவ்வளவு என்பதை மடங்கில் சொல்வது வழக்கம். ஒரு லிட்டர் பீரில் 2.5 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் 2.5 மடங்கு. ஒரு மடங்கு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம். வெளிர்நிற லாகருக்கு 2.4 முதல் 2.7 மடங்கு வரை பொருந்தும். நாம் 2.5 என்று வைப்போம்.

பெரிய ஆலைகள் பீரை வடிகட்டி, வாயுவை அழுத்தி ஏற்றி, அழுத்தம் குறையாமல் பாட்டிலில் நிரப்புகின்றன. வீட்டில் எளிய வழி வேறு. பாட்டிலில் அளந்த சர்க்கரையை இட்டு மூடினால் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதை நொதிக்கவைக்கும். வாயு வெளியேற வழியின்றிக் கரையும். ஒரு கிராம் சர்க்கரை ஏறக்குறைய அரைக் கிராம் வாயு தரும்.

பீரில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு கரைந்திருக்கிறது. குளிர்ந்த பீர் கூடுதலாகப் பிடித்துவைக்கும், வெதுவெதுப்பான பீர் விட்டுவிடும். 18 டிகிரியில் மிச்சம் ஏறக்குறைய 0.9 மடங்கு, 1 டிகிரியிலேயே நொதித்திருந்தால் 1.65 அளவு. சர்க்கரை கணக்கிடும் செயலிகள் பீரின் வெப்பநிலையைக் கேட்கும்போது, லாகர் செய்பவர் கையில் இருக்கும் பீர் 1 டிகிரி என்பதால் 1 என்று எழுதிவிடுகிறார். பிழை அங்கேதான் விழுகிறது. நம் பீர் 18 டிகிரிக்குப் போன நாட்களில் வாயு வெளியேறிவிட்டது. பிறகு குளிரவைத்ததால் போன வாயு திரும்பி வந்துவிடாது. மேல்வெளியிலிருந்து கரையும் கொஞ்சம் கணக்கைப் பெரிதாக மாற்றாது. ஆகவே எழுத வேண்டியது, நொதித்தலின் இறுதியில் பீர் தொட்ட மிக உயர்ந்த வெப்பநிலை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கசடு கழித்து 19 லிட்டர் பீர் கிடைக்கிறது. தேவை 2.5, இருப்பது 0.9, குறைவது 1.6 மடங்கு. லிட்டருக்குச் சற்றேறக்குறைய 6.3 கிராம் சர்க்கரை. மொத்தம் 120 கிராம். வெப்பநிலையை 1 என்று எழுதியவருக்குச் செயலி 63 கிராம்தான் சொல்லும். அவருடைய பீர் 1.75 மடங்கில் நின்று, சோர்ந்துபோன சோடாவாக இருக்கும். சாதாரண வெள்ளைச் சர்க்கரையே போதும். கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூளில் நீரும் சேர்ந்திருப்பதால் 15 சதவீதம் கூடுதலாக, 138 கிராம் எடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள்.

மற்றொரு பக்கம் பிழை விழுந்தால் அது வெறும் சுவைக்குறை அல்ல, காயம். 2.5 மடங்கு வாயு 20 டிகிரியில் பாட்டிலுக்குள் தரும் அழுத்தம், காரின் டயரில் அடைத்த காற்றுக்கு ஏறக்குறைய சமம். நொதித்தல் முடியாமல் அடர்த்தி நான்கு புள்ளி மிச்சமிருக்க, அதாவது 1.010க்குப் பதில் 1.014இல் இருக்க, பீரை அடைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். ஒரு புள்ளி அரை மடங்கு வாயு தரும். நான்கு புள்ளிக்கு 2 மடங்கு கூடி, மொத்தம் 4.5 ஆகும். சாதாரண பீர் பாட்டிலை 3 மடங்குக்கு மேல் நம்பக் கூடாது. கண்ணாடி வெடித்தால் முகத்துக்கும் கைக்கும் ஆபத்து. முன்பு சொன்ன ஹைட்ரோமீட்டர் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இறுதி அடர்த்தி எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே அறியவும் வழியுண்டு. காய்ச்சிய அன்றே ஒரு குவளை வோர்ட்டில் (இன்னும் நொதிக்காத இனிப்பு மால்ட் சாற்றில்) தேவைக்கு அதிகமாக ஈஸ்ட் இட்டு 25 டிகிரியில் வைத்துவிடுங்கள். சில நாளில் அது நிற்கும் அளவுதான் பெரிய கலனும் எட்ட வேண்டிய எல்லை.

ஜெர்மன் மரபில் சர்க்கரைக்கு இடமில்லை. பவேரியாவின் 1516ஆம் ஆண்டு ஆணை பார்லி, ஹாப்ஸ், நீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஆகவே அங்கே நொதிக்காத வோர்ட்டை எடுத்துவைத்து அதையே கடைசியில் சேர்ப்பார்கள். அல்லது பொங்கி நொதித்துக்கொண்டிருக்கும் புதிய பீரைப் பத்துப் பதினைந்து சதவீதம் கலப்பார்கள். நம் 19 லிட்டருக்கு 1.048 வோர்ட் 1.6 லிட்டர் போதும். புதிதாக நொதிக்கும் பீரைச் சேர்ப்பதில் ஒரு சிறப்பு இருக்கிறது: முழு வேகத்தில் இருக்கும் ஈஸ்ட் கூடவே வருவதால் எஞ்சிய குறைகளையும் அது தின்றுவிடும். ஆனால் இரண்டு காய்ச்சல்களின் நாள் பொருந்தி வர வேண்டும். முதல் லாகருக்குச் சர்க்கரையே நல்லது.

ஈஸ்ட் மிச்சமிருக்கிறதா?

கண்ணாடிபோல் தெளிந்த பீரைப் பார்த்ததும் இந்தக் கவலை வரும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பீரிலும் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் ஈஸ்ட் செல்கள் இருக்கலாம். நான்கு முதல் ஆறு வாரம் குளிரில் இருந்த பீர் பெரும்பாலும் தானே வாயு ஏற்றிக்கொள்ளும். சற்று நாள் எடுக்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதம் ஆனதென்றாலோ, ஆல்கஹால் 7 சதவீதத்தைத் தாண்டினாலோ புதிய ஈஸ்ட் சேருங்கள். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல் என்பது இலக்கு. 20 லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் உலர் ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சேர்த்தால் அது கிடைத்துவிடும். அதே லாகர் ஈஸ்ட் அல்லது மணம் சேர்க்காத ஏல் ஈஸ்ட் ஏதாவது ஒன்று போதும். சேசோன் என்ற பெல்ஜிய பீர் வகைக்கான ஈஸ்டை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பல, மற்ற ஈஸ்டுகள் தின்னாமல் விட்ட நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைத்துத் தின்பவை. பாட்டிலில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

பாட்டிலில் அடைக்கும் நாள்

பழுப்புப் பாட்டில் வாங்குங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டதும் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் துர்நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மமாகும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரிதும் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. நெம்பித் திறக்கும் மூடி போட்ட, கனமான, திரும்பப் பயன்படுத்தும் வகைப் பாட்டில்தான் வேண்டும். திருகித் திறக்கும் கழுத்துள்ளவை வேண்டாம்; அவற்றின் விளிம்பில் நம் கைக்கருவி போடும் மூடி சரியாகப் பிடிக்காது. 1892இல் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற அதே நெளிவிளிம்பு மூடிதான் இன்றும் பயன்படுகிறது. வழக்கமான அளவு 26 மில்லிமீட்டர், சில ஐரோப்பியப் பாட்டில்களுக்கு 29. 500 மி.லி. பாட்டிலானால் 19 லிட்டருக்கு 38 தேவைப்படும்.

சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் இரு வேறு வேலைகள். அழுக்கு ஒட்டியிருக்கும் பாட்டிலைக் கிருமிநீக்கியில் தோய்த்துப் பயனில்லை. முதலில் வெந்நீரும் சோடியம் பெர்கார்பனேட்டும் கொண்டு ஊறவைத்து, வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்து, அலசுங்கள். பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கியில் நனைத்துக் கவிழ்த்து வையுங்கள். அதன் நுரை பாட்டிலில் கொஞ்சம் இருந்தால் கேடில்லை. குழாய், வாளி, மூடி அனைத்துக்கும் இதுவே முறை.

120 கிராம் சர்க்கரையை 250 மி.லி. நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்து, குழாய் பொருத்திய வாளியின் அடியில் ஊற்றுங்கள். கலனிலிருந்து பீரைச் சைஃபன் குழாயில் இறக்கும்போது, குழாயின் நுனி வாளியின் அடியில், பீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். தெறித்து விழும் ஒவ்வொரு துளியும் காற்றைக் கூட்டிக்கொண்டு போகிறது. குளிர்ந்த பீரில் பாகு அடியிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கினால் முதல் பாட்டில்கள் பொங்கும், கடைசிப் பாட்டில்கள் சப்பென்றிருக்கும். ஆகவே கிருமி நீக்கிய கரண்டியால், சுழி எழாதபடி, இரண்டு மூன்று முறை மெல்லக் கலக்கிவிடுங்கள்.

அடியில் வால்வு உள்ள நிரப்புக் குழலைப் பாட்டிலின் அடி வரை விட்டு நிரப்புங்கள். வாய் வரை நிறைந்ததும் குழலை எடுத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி தானே விழும். மூடியை உடனே அழுத்திவிடுங்கள்; நுரை கழுத்து வரை எழுந்திருந்தால் இன்னும் நல்லது, அது காற்றை வெளியே தள்ளிவிடும். பாட்டிலுக்குள் நடக்கும் இந்தச் சிறு நொதித்தலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: மீந்த ஆக்சிஜனில் ஒரு பங்கை ஈஸ்ட் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே அழுத்தம் ஏறுவது தெரியும். கண்ணாடிப் பாட்டில் எதுவும் சொல்லாது.

மீண்டும் வெப்பம், மீண்டும் குளிர்

அடைத்த லாகரை உடனே குளிர்ப்பெட்டியில் வைப்பது புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு. லாகராயிற்றே, குளிரில்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணம். 1 டிகிரியில் ஈஸ்ட் சர்க்கரையைத் தொடாது. இனிப்பான, வாயுவற்ற பீர்தான் மிஞ்சும். 18 முதல் 22 டிகிரியில், இருட்டில், மூன்று வாரம் வையுங்கள். பீருக்குப் பழ மணம் ஏறிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையில் நடக்கும் நொதித்தல் அப்படி மணம் கொடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல. இந்த இரண்டாம் நொதித்தலிலும் சிறிது டைஅசிட்டைலும் அசிட்டால்டிஹைடும் பிறக்கும். வாயு ஏறியதும் பொறுமையிழக்காமல் இன்னும் சில நாள் விட்டால் ஈஸ்ட் அவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

சிங்கப்பூர் போல அறையே 29, 30 டிகிரி இருக்கும் ஊர்களில் இந்த வேலை ஒரு வாரத்திலேயே முடியலாம். ஆனால் அந்தச் சூட்டில் பீர் மூப்படைவதும் வேகமாக நடக்கும். குளிரூட்டிய அறையின் ஒரு மூலையைத் தேடுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக் பாட்டில் இறுகியதும் அனைத்தையும் குளிருக்கு மாற்றுங்கள்.

இரண்டு வாரம் ஆனதும் ஒரு பாட்டிலை இரண்டு நாள் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். சூடாகத் திறந்து, பொங்குகிறதே, வாயு நிற்கவில்லையே என்று தீர்ப்பு எழுதக் கூடாது. சூடான பீர் வாயுவைப் பிடித்துவைக்காது. குளிர்ந்தால்தான் அது பீருக்குள் நன்றாகக் கரைந்து நிற்கும். வாயு குறைவாக இருந்தால் எஞ்சிய பாட்டில்களைத் தலைகீழாக்கி அடியிலிருக்கும் ஈஸ்டை எழுப்பி, இன்னொரு வாரம் வெதுவெதுப்பில் விடுங்கள். மாறாக, குளிர்ந்த பாட்டிலே பொங்கி வழிந்தால் அனைத்தையும் உடனே குளிரவைத்து, கனமான கையுறையும் கண்காப்பும் அணிந்து, ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி வாயுவை விட்டு, புது மூடி போடுங்கள்.

வாயு ஏறிய பிறகு 1 முதல் 4 டிகிரியில் குறைந்தது இரண்டு வாரம் வைத்தால் ஈஸ்ட் அடியில் இறுகிப் படியும், நுரையும் மென்மையாகும்.

பெரிய கலன் நுழையும் குளிர்ப்பெட்டி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 18 டிகிரியில் திருத்தம் முடிந்து, இரண்டு குவளைச் சோதனையும் தேறிய பீரை, சில நாள் மட்டும் படியவிட்டுப் பாட்டிலில் அடைத்துவிடலாம். சர்க்கரை அளவு அதே 120 கிராம். மூன்று வாரம் வெதுவெதுப்பில் வைத்துவிட்டு, நீண்ட குளிர்காலத்தைப் பாட்டிலிலேயே, சமையலறைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், நான்கு ஆறு வாரம் கொடுக்கலாம். அடியில் கசடு கொஞ்சம் கூடும். மற்றபடி சுவையில் கலனில் முதிர்ந்ததற்கு வெகுவாகக் குறையாது. ஈஸ்ட் நிறைய இருப்பதால் வாயுவும் தவறாமல் ஏறும். முதல் லாகர் செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

பாட்டில்களை நிமிர்த்தியே வையுங்கள். ஊற்றும்போது குவளையைச் சாய்த்து, ஒரே ஓட்டமாக ஊற்றி, அடியில் கசடு நகரத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்; ஒன்றரை சென்டிமீட்டர் பீர் வீணாவது சரியே. அந்தக் கசடு உடலுக்குக் கேடில்லை, ஹெல்லஸின் தெளிவுக்குத்தான் கேடு. ஒவ்வொரு மூடியிலும் அடைத்த தேதியை எழுதுங்கள். குளிரில் வைத்த வெளிர்நிற லாகர் மூன்று நான்கு மாதம் தன் நல்ல நிலையில் இருக்கும். அறை வெப்பத்தில் அதில் பாதிக்கும் குறைவு. பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் கசிந்து உள்ளே போகும் என்பதால் சோதனைக்கு வைத்த சோடா பாட்டிலை முதலில் குடித்துவிடுங்கள்.